சீசன் காசும் கிழமைக் கடனும்

நிலாவெளிப் பக்கமிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் கண்டுவிடாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது முப்பத்தேழு, இரண்டு பிள்ளைகள். கணவர் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வேலை. அடிப்படைச் சம்பளம் 45,000 ரூபா. மே தொடக்கம் செப்டெம்பர் வரை வெள்ளைக்காரர் வரும் காலத்தில் சேவிஸ் சார்ஜும் சேர்வதால், இவர் வீட்டில் தைத்து உழைக்கும் 17,000 ரூபாவோடு வீட்டு வருமானம் மாதம் ஒரு லட்சத்தைத் தொடும். மாரி தொடங்கினால் சேவிஸ் சார்ஜ் நின்றுபோய் 62,000 ரூபாவில் வந்து நிற்கும்.

2022 ஜூனில் பெற்றோல் வரிசையும் வெறிச்சோடிய ஹோட்டலுமாக நாடு கிடந்தபோது சங்கிலியையும் இரண்டு காப்பையும், எல்லாமாக 4 பவுணை, வங்கியில் 300,000 ரூபாவுக்கு அடகு வைத்தார். வருடம் 45,000 ரூபா வட்டி கட்டி மூன்று தடவை புதுப்பித்தாயிற்று. பெண்கள் குழுவாகச் சேர்ந்து கொம்பனியில் எடுக்கும் கிழமைக் கடன் ஒன்று இருக்கிறது: எடுத்தது 100,000, கிழமைக்கு 2,420 வீதம் 52 கிழமை, இன்னும் 26 கிழமை பாக்கி. குளிர்சாதனப் பெட்டிக்கு மாதம் 6,500 ரூபா, இன்னும் ஏழு மாதம். பெரியம்மாவிடம் வட்டியில்லாமல் 80,000. இவற்றோடு கணவருக்குத் தெரியாத ஒரு கடனும் உண்டு. தம்பி கட்டார் போவதற்கு ஏஜென்சிக்குக் கட்டவென்று பக்கத்து ஒழுங்கை அக்காவிடம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு 60,000 வாங்கி, எழுதாத கடதாசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தம்பி போய்ச் சேர்ந்துவிட்டார், காசு வந்து சேரவில்லை.

“பிள்ளைகளுக்குப் பாலையும் முட்டையையும் குறைத்துவிட்டேன். இனி எதைக் குறைப்பது? ஒரு கொம்பனிக்காரர் காணி உறுதியை வைத்தால் ஐந்து லட்சம் தருவாராம், எல்லாவற்றையும் ஒரே கடனாக்கலாமாம். செய்யட்டுமா? அந்த அக்கா பொலிஸுக்குப் போவேன் என்கிறா, என்னை உள்ளே போடுவார்களா? மூத்தவள் பெரிய பிள்ளையாகும் வயது, சாமத்திய வீட்டுக்கு என்ன செய்வது?” என்பவை அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, முதலில் பாலையும் முட்டையையும் பழையபடி வாங்கத் தொடங்குங்கள். அது மாதத்துக்கு மூவாயிரம் ரூபாவைத் தாண்டாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதே மூவாயிரத்தைத்தான் பக்கத்து ஒழுங்கைக்கு மாதாமாதம் வட்டியாகக் கொடுக்கிறீர்கள். இருபது மாதமாகக் கொடுத்து வருவதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இருபது மூவாயிரம் அறுபதாயிரம். வாங்கிய தொகை முழுவதையும் வட்டியாகவே கொடுத்து முடித்திருக்கிறீர்கள், முதல் அப்படியே இருக்கிறது. உங்கள் வீட்டில் சிக்கனம் தொடங்கவேண்டிய இடம் அடுப்படி அல்ல, இந்த வட்டி.

உங்கள் மாத வருமானம் எவ்வளவு?

சிரிக்காதீர்கள், இதற்கு உங்கள் கடிதத்திலேயே இரண்டு விடை இருக்கிறது. ஓரிடத்தில் “ஒரு லட்சம் வருகிறது, ஆனாலும் போதவில்லை” என்கிறீர்கள். இன்னோரிடத்தில் “62,000 ரூபாவில் நாலு பேர் எப்படி வாழ்வது” என்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை. ஐந்து மாதம் ஒரு லட்சம், ஏழு மாதம் 62,000, வருடத்துக்கு 934,000. பன்னிரண்டால் பிரித்தால் ஏறத்தாழ 78,000. உங்கள் மாதச் சம்பளம் அதுதான். ஜூலையிலும் 78,000, டிசம்பரிலும் 78,000.

திருகோணமலையில் கடலை நம்பிய வீடுகள் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான், தோணிக்காரர் வீடென்றாலும் ஹோட்டல்காரர் வீடென்றாலும். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் கடலும் மூடும், கரையும் மூடும். ஆனால் கிழமைக் கடன்காரருக்கு மாரியும் இல்லை, கோடையும் இல்லை. வரவு பருவத்தோடு போக, கட்டுமதி நாட்காட்டியோடு போகிறது. குளிர்சாதனப் பெட்டி எந்த மாதம் வாங்கினீர்கள்? ஜூலை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதம் கையில் காசு நின்றது, அதனால் 6,500 பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பெட்டியை வாங்கியதைப் பிழை என்று சொல்லமாட்டேன், இந்த வெக்கையில் மீன் வைக்கவாவது அது வேண்டும். பிழையெல்லாம், ஜூலைக் கண்ணால் டிசம்பரைப் பார்த்தது.

வரும் மே மாதம் முதல் சேவிஸ் சார்ஜ் வந்த அன்றே 22,000 ரூபாவை வேறொரு வங்கிப் புத்தகத்தில் போடுங்கள். அதற்கு ஏ.ரி.எம். அட்டை எடுக்கவேண்டாம். ஐந்து மாதத்தில் 110,000 சேரும். ஒக்டோபரிலிருந்து மாதம் 16,000 அளவில் எடுத்துச் செலவழித்தால் மாரி முழுவதும் தாங்கும். பிடியரிசி எடுத்துவைத்த அம்மம்மாமார் செய்ததும் இதைத்தான், அவர்களுக்கு வங்கிப் புத்தகம் தேவைப்படவில்லை.

எந்தக் கடன் முதலில்?

பெரியம்மாவின் கடனை முதலில் முடிக்கவேண்டும், விசேஷ வீடுகளில் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது என்கிறீர்கள். வெட்கம் விளங்குகிறது. ஆனால் அந்தக் கடன் இன்றைக்கும் 80,000, அடுத்த வருடமும் 80,000. பெரியம்மாவிடம் நேரில் போய், “அடுத்த வருடம் செப்டெம்பருக்குப் பிறகு மாதம் மாதம் தருகிறேன்” என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். நாள் சொல்லாமல் ஒளிந்து திரிவதுதான் உறவைக் கெடுக்கும்.

மற்றவற்றை வட்டியின்படி நிரைப்படுத்துவோம். நூற்றுக்கு ஐந்து என்பது மாத வட்டி, வருடத்துக்கு 60 வீதம். கிழமைக் கடனை 26 வீதம் என்று சொல்லித் தந்தார்களாம். 52 கிழமையில் நீங்கள் கட்டுவது 125,840, ஆகவே சொன்னதில் பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. ஒரு லட்சம் முழுதாக உங்கள் கையில் இருந்தது முதல் கிழமை மட்டும்தான். கிழமைக்குக் கிழமை முதல் குறைந்து போகிறது, வட்டியோ கடைசிவரை முழு லட்சத்துக்கும் போட்டபடியே நிற்கிறது. குறைந்து செல்லும் முதலுக்குக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 47 வீதம் அளவில் வருகிறது. நகை அடகு 15 வீதம். குளிர்சாதனப் பெட்டியின் வட்டி விலைக்குள்ளேயே ஏறிவிட்டது, அதை அதன் போக்கில் விடுங்கள்.

ஆகவே ஒழுங்கை அக்கா முதலாவது, கிழமைக் கடன் இரண்டாவது, நகை மூன்றாவது, பெரியம்மா கடைசி. நீங்கள் எழுதியதற்கு ஏறத்தாழ நேர்மாறு.

காசு உங்களிடமே இருக்கிறது

கடிதத்தின் ஆறாம் பக்கத்தில், சேமிப்பு என்ற தலைப்பின் கீழ், போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்த சீட்டு, மாதம் 10,000, ஐந்து மாதம் கட்டியாயிற்று, கடைசிச் சீட்டை எடுத்தால் மொத்தமாகக் கையில் நிற்கும் என்று விட்டுவைத்திருக்கிறீர்கள். வட்டியில்லாத இடத்தில் 50,000 ரூபாவைப் போட்டுவைத்துவிட்டு, 60 வீத வட்டிக்கு 60,000 ரூபாவைச் சுமக்கிறீர்கள்!

சீட்டுப் பிடிப்பவரிடம் போய் அடுத்த மாதச் சீட்டைக் கேளுங்கள். அடுத்த மாதம் எடுக்க இருப்பவருக்கு அவசரமில்லை என்றால் மாற்றிக்கொள்வார். மாற்றுவதற்கு ஓரிரண்டாயிரம் கேட்டாலும் கொடுக்கலாம். 120,000 கைக்கு வந்தால் 60,000 ஒழுங்கை அக்காவுக்கு. கிழமைக் கடனில் இப்போது மிஞ்சியிருக்கும் முதல், என் கணக்கில் 56,000 அளவில்தான். கொம்பனிக் கிளைக்குப் போய், இன்றைய திகதியில் முழுதாக முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம். 56,000 அளவில் சொன்னால் கட்டி முடியுங்கள். “மிச்சத் தவணை முழுவதும், 62,920” என்றால் முந்திக் கட்டுவதில் ஒரு இலாபமும் இல்லை. அப்போது அந்த 60,000 ரூபாவைத் தனிப் புத்தகத்தில் போட்டு, கிழமைக்குக் கிழமை அதிலிருந்தே கட்டி வாருங்கள். கடைசி ஒன்றிரண்டு தவணைக்கு மட்டும் கைக்காசு வேண்டிவரும். இரண்டில் எது நடந்தாலும் வீட்டு வருமானத்திலிருந்து மாதம் 13,500 விடுபடுகிறது. புதிதாக ஒரு சதம் கடன் எடுக்காமல்.

ஆனால் ஒன்று. எடுக்கும் மாதம் தொடங்கி மிச்ச ஏழு மாதமும் சீட்டுக் காசு தவறக்கூடாது. அது கொம்பனிக் காசு இல்லை, உங்களைப் போன்ற பதினொரு பெண்களின் காசு. அவ்வளவு உறுதி இல்லையென்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள். அப்போது இருக்கும் மாற்று வழி, ஒரு காப்பை விற்பது. நீங்கள் அடகு வைத்த காலத்தைவிட இப்போது பவுண் வெகுவாக ஏறியிருக்கிறது. ஒரு காப்பை மட்டும் மீட்க எவ்வளவு கட்டவேண்டும் என்று வங்கியில் கேட்டுவிட்டு, இரண்டு நகைக்கடைகளில் விலை கேளுங்கள். எடையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

நகை விற்பதை நம் ஆட்கள் வீடு எரிந்தது போல எடுத்துக்கொள்வார்கள். வங்கியில் அடகுப் பகுதியில் இருந்த காலத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு காட்சி பார்ப்பேன். கோயில் திருவிழாவுக்கு முதல் கிழமை, கைமாற்று வாங்கியாவது நகையை மீட்டுப் போவார்கள். திருவிழா முடிந்த அடுத்த கிழமை அதே நகை, அதே சிவப்புப் பேப்பரில் சுற்றித் திரும்பி வரும். மூன்று வருடத்தில் 135,000 வட்டி கட்டியிருக்கிறீர்கள். அந்த நகையை எத்தனை நாள் போட்டீர்கள்?

இனித்தான் வீட்டுச் செலவு

இதெல்லாம் நடந்தால் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை உங்கள் நிலைமை இது. வரவு 62,000. வீட்டுச் செலவு 48,000 என்று எழுதியிருக்கிறீர்கள். சீட்டு 10,000, குளிர்சாதனப் பெட்டி 6,500. மொத்தம் 64,500. துண்டுவிழுவது மாதம் 2,500. சிக்கனம் பிடிக்கவேண்டிய தொகை இவ்வளவுதான், ஏழு மாதத்துக்கு. இதற்காகப் பிள்ளையின் கோப்பையில் கை வைக்கவேண்டுமா?

உங்கள் பட்டியலில் என் கண்ணில் பட்டவற்றைச் சொல்கிறேன். சட்டை தைத்துக் கொடுத்த வகையில் ஊரார் உங்களுக்குத் தரவேண்டியது 14,000. கடன்காரிக்கே கடன்காரர்! இனி அளவெடுக்கும்போதே பாதிக்காசு வாங்குங்கள், உடுப்பைக் கொடுக்கும்போது மிச்சம். “தெரிந்த ஆட்களிடம் எப்படிக் கேட்பது” என்பீர்கள். அந்தத் தெரிந்த ஆட்கள்தான் மாதம் ஒருக்கால் உங்கள் வாசலில் நின்று வட்டி கேட்கிறார்கள்.

மின்சாரம் மாதம் 95 அலகு காட்டுகிறது. வீட்டுப் பாவனையில் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு விலைப்பட்டியல், பிறகு ஒவ்வொரு படிக்கும் அலகு விலையோடு நிலையான கட்டணமும் ஏறும். குளிர்சாதனப் பெட்டியை வைத்துக்கொண்டு 60 அலகுக்குள் நிற்பது கஷ்டம், ஆனால் 90 அலகுக்குள் நிற்கலாம். தினமும் ஸ்திரிக்கைப் போட்டு ஒவ்வொரு சட்டையாக அழுத்தாமல், கிழமையில் இரண்டு நாள் சேர்த்து அழுத்துங்கள். மூன்று கைத்தொலைபேசிக்கும் டேட்டா போடுவது எனக்கு விளங்கவில்லை, பிள்ளைகளின் பாடத்துக்கு ஒன்று போதும்.

சாப்பாட்டில் பருவத்தைப் பிடியுங்கள். கடல் அமைதியான மாதங்களில் சூடையும் சாளையும் மலிந்து கிடக்கும்போது வாங்கி உப்பிட்டுக் காயவைத்தால், மாரியில் மீன் விலை ஏறும்போது சந்தைக்கு ஓடத் தேவையில்லை. பெரும்போக அறுவடை முடிந்து தம்பலகாமத்தில் நெல் மலியும்போது இரண்டு வீடு சேர்ந்து மூட்டையாக வாங்கிக் குத்துவித்தால், கடையில் கிலோக் கணக்கில் வாங்குவதைவிட இலாபம். கடைக் கொப்பியில் எழுதி வாங்குவதை நிறுத்துங்கள். கொப்பியில் சாமான் வாங்கும்போது விலை கேட்க வாய் வராது, எனக்கும் வராது.

ஏப்ரலில் சீட்டும் முடியும், குளிர்சாதனப் பெட்டியும் முடியும். மே முதல் வரும் சீசனில் கிழமைக் கடனும் ஒழுங்கை வட்டியும் இல்லாத ஐந்து மாதம் உங்களுக்குக் கிடைக்கும். ஜூனில் அடகு வட்டி கட்டும்போதே முதலிலும் ஒரு பகுதியைக் கட்டி ஒரு நகையையாவது வெளியே எடுங்கள். எல்லாம் நான் எழுதிய மாதிரியே நடக்கும் என்று சொல்லவில்லை. நடுவில் ஒரு காய்ச்சல் வரும், கூரை ஒழுகும். இரண்டு மாதம் பிந்தினாலும் நிரை மாறாமல் இருந்தால் சரி.

சாமத்திய வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் வார்க்க மாமியும் அரைத்த மஞ்சளும் போதும். மண்டபமும் வீடியோவும் கடன்காரரை அழைக்கும் அழைப்பிதழ். என் மகளுக்கு நானே மண்டபம் எடுத்தவன், ஆகவே பட்டவன் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காணி உறுதி, பொலிஸ், தள்ளுபடி

காணி உறுதியைக் கொடுக்கவேண்டாம். இப்போது உங்களுக்கு இருக்கும் கடன் எதற்கும் வீடு பிணையில்லை. ஐந்து லட்சத்தை எடுத்து எல்லாவற்றையும் அடைத்தால், வட்டியில்லாத பெரியம்மாவின் கடனுக்குக்கூட அம்மா சீதனமாகத் தந்த காணி பொறுப்பாகிவிடும். ஈடு என்று சொல்லி அறுதி விற்பனை உறுதியில் கையெழுத்து வாங்கி, “கட்டி முடித்ததும் திருப்பி எழுதித் தருவோம்” என்பவர்களும் இருக்கிறார்கள். நொத்தாரிசு வாசிக்கும் தலைப்பு என்னவென்று தெரியாமல் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

கடன் கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் உங்களைச் சிறையில் போடமாட்டார்கள். அது குடியியல் விடயம். ஏமாற்றும் நோக்கத்தோடு வாங்கினால் வேறு கதை, காசில்லாமல் திரும்பும் காசோலையும் வேறு கதை. நீங்கள் காசோலை கொடுக்கவில்லை. தகராறு முற்றினால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த ஏற்பாடு அது. அங்கே சட்டத்தரணி வைத்து வாதாட வேண்டியதில்லை. எழுதாத கடதாசியில் வைத்த கையெழுத்துத்தான் எனக்குக் கவலை. கடன் பத்திரத்தில் உண்மையில் கொடுத்த தொகையையும் வட்டி வீதத்தையும் காட்டவேண்டும் என்று 1918 ஆம் ஆண்டிலிருந்தே கட்டளைச் சட்டம் இருக்கிறது. நான் வங்கிக்காரன், சட்டத்தரணியில்லை. அந்த அக்கா வழக்கென்று வெளிக்கிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்குப் போங்கள்.

கிழமைக் கடன் எப்படியும் தள்ளுபடியாகும், 2018 இல் ஆனதுதானே என்று குழுவில் சிலர் சொல்கிறார்களாம். 2018 இல் அரசு பொறுப்பெடுத்தது, வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடன்களில், குறித்த திகதியில் மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் கிடந்தவற்றை. எல்லாருடையதையும் அல்ல. அதை நம்பித் தவணையை நிறுத்தினால் குழுவிலுள்ள மற்றப் பெண்களின் தலையில் விழும், யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று பதிந்துவைக்கும் கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயரும் நிலுவைக்காரராக ஏறலாம். வசூலிக்க வருபவர் இரவில் வந்து கத்தினால் அது வேறு. திகதி, நேரம், பேசிய வார்த்தை எல்லாவற்றையும் குறித்துவைத்து, முதலில் கொம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கம் இருக்கிறது, திருகோணமலையில் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது.

கணவரிடம்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், கையில் ஒரு திட்டத்தோடு போய்ச் சொல்வது இலேசு. “அறுபதாயிரம் கடன் இருக்கிறது” என்று தொடங்கவேண்டாம். இந்தக் கணக்குகளை ஒரு கொப்பியில் எழுதி, சீட்டை முந்தி எடுக்கும் யோசனையையும் எழுதி, முன்னால் வைத்துப் பேசுங்கள். தம்பியின் பெயரைக் கேட்டதும் கோபம் வரும். வரட்டும். இருபது மாதம் மூவாயிரம் ரூபாவை அரிசிக் காசுக்குள்ளும் நூல் காசுக்குள்ளும் ஒளித்து வைத்ததால்தான் வீட்டுச் செலவு எவ்வளவு என்று உங்கள் இருவருக்குமே சரியாகத் தெரியாமல் போனது. தம்பிக்கும் இந்தக் கிழமையே பேசுங்கள். கட்டாரில் சம்பளம் எடுப்பவர் மாதம் பத்தாயிரம் அனுப்பினால் ஆறு மாதத்தில் அவருடைய கடன் அவருடையதாகவே முடியும்.

சீட்டுக் காசு கிடைத்ததும் ஒழுங்கை அக்காவிடம் தனியே போகாதீர்கள், கணவரும் தெரிந்த பெரியவர் ஒருவரும் கூட வரட்டும். முதலும் வட்டியும் முழுதாகத் தீர்ந்தது என்று திகதியிட்டு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் கையெழுத்து வைத்த அந்தக் கடதாசி மேசைக்கு வரும்வரை காசை எண்ணிக் கொடுக்கவேண்டாம். “தேடி எடுத்து நாளைக்குத் தாறன்” என்றால் நாளைக்கே காசோடு போங்கள்.